படத்தில் எந்தக் கை

அத்தியாயம் பதினொன்று

நஞ்சம்மாளை அவள் ஊரான சேவூருக்குத் திருப்பி அனுப்பிய பிறகு வீட்டில் யாரும் அவள் பெயரை எடுக்கவில்லை. நெருப்பெரிச்சலில் இருந்த பனியன் கம்பெனியிலும் எடுக்கவில்லை.

துணியின் ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கிற ஓவர்லாக் மெஷினின் கத்தி அவளுடைய வலது ஆள்காட்டி விரலின் நுனியை எடுத்துவிட்டது. ஆஸ்பத்திரிச் செலவை முதலாளியின் மகன் ஆத்தப்பன் பார்த்துக்கொண்டான். பிறகு எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, கவனம் இல்லாத கைக்கு இங்கே மெஷின் கிடையாது என்றான். நஞ்சம்மாள் கட்டுப்போட்ட கையோடு அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அவன் மனைவி மயிலாளும் நின்றாள். அவன் சொன்னதை அவள் நம்பினாள். நம்பாவிட்டால் வேறொன்றை யோசிக்க வேண்டியிருந்திருக்கும். நஞ்சம்மாள் மெஷின் பழகியது மயிலாள் எடுத்த வீடியோவைப் பார்த்து.

இன்று மத்தியானம் அந்த வீடியோவைப் பார்க்க மற்ற கம்பெனி முதலாளிகள் வருகிறார்கள். மாமனார் லிங்கசாமி அழைத்திருந்தார். ஆளுக்கொரு கேசட் கொடுத்தனுப்புவதாகச் சொல்லியிருந்தார். கேசட்டுகள் காலையிலேயே வந்துவிட்டன. கம்பெனி பெயர் அச்சடித்த உறைகள். லிங்கசாமி ஒவ்வொன்றிலும் சந்தனம் தொட்டு வைத்தார்.

*

திருமணத்துக்கு முன் மயிலாள் அவிநாசிப் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சராக இருந்தாள். கம்பெனிக்கு வந்த புதிதில் அவளுக்கு ஒன்று விளங்கவில்லை. புதிதாக வரும் பெண்கள் டெய்லருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துணியை மடித்துக் கொடுக்கிறார்கள். அந்த வேலைக்குக் கைமடி என்று பெயர். ஒரு வருடம், சில சமயம் இரண்டு வருடம். டெய்லர் டீ குடிக்கப் போகும்போது மெஷினில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படித்தான் தொழில் பழகியது.

இத்தனை நாள் எதற்கு என்று அவள் கேட்டாள். காட்டிக் கொடுத்தால் ஒரு மாதத்தில் பழகிவிடலாமே என்றாள்.

ஆத்தப்பன் சிரித்தான். லிங்கசாமி சிரிக்கவில்லை. எக்ஸ்போர்ட் ஆர்டர்கள் குவிந்துகொண்டிருந்தன. டெய்லர் கிடைக்கவில்லை. அவர் ஒரு டிவியும் கேசட் போடுகிற டெக்கும் வாங்கி வந்து பின்பக்கத்து அறையில் வைத்தார். மருமகளின் கை பட்ட காரியம் என்று எல்லோரிடமும் சொன்னார்.

படம் பிடித்தவர் ராயபுரத்துப் பெருமாள்சாமி. கல்யாண வீடியோக்காரர். முதலில் அவர் நாதஸ்வரம் சேர்த்துக் கொண்டுவந்தார். மயிலாள் அதை நீக்கச் சொன்னாள். மெஷின் சத்தம் கேட்க வேண்டும் என்றாள். படத்தில் ஓடிய எழுத்துகளையும் நீக்கச் சொன்னாள். குரல் சொல்வதையே எழுத்தும் சொன்னால் கண் எழுத்துக்குப் போய்விடும், கையைப் பார்க்காது. ஒரு தடவைக்கு ஒரு வேலைதான் காட்டினாள். அது முடிந்ததும் படத்தை நிறுத்தி, செய்து பார்க்கவிட்டாள். பின்னணிக் குரல் அவளுடையது. அதையும் குறைத்துக்கொண்டே வந்தாள். கண் பார்ப்பதை வாய் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தாள்.

நூல் கோக்கிற பகுதியைப் பெண்கள் மூன்றாம் நாளே செய்து காட்டினார்கள். கைமடியில் அதற்கு ஆறு மாதம் ஆகும். செய்தி ராயபுரத்துக் கம்பெனிகள் வரைக்கும் போயிற்று.

கடைசிப் பகுதி ஓவர்லாக். அதற்கு முதலில் வந்து சேர்ந்தவள் நஞ்சம்மாள். வந்தவர்களில் அவள்தான் வேகமாகப் பழகினாள்.

*

காலையில் அறை முழுவதும் நாற்காலி போட்டிருந்தார்கள். மயிலாள் எப்போதும் டிவிக்குப் பக்கத்தில், பெண்களைப் பார்த்து நிற்பாள். பள்ளிக்கூடத்துப் பழக்கம். இன்று அங்கே நிற்க இடமில்லை. பின்சுவரோரம் போய் நின்றாள்.

புதிதாகப் பழக வந்த வேலாத்தாளுக்கு இன்றுதான் ஓவர்லாக். படம் ஓடியது. நின்றது. வேலாத்தாள் துணியை வைத்தாள்.

பின்னாலிருந்து பார்த்தபோது டிவியும் வேலாத்தாளின் கைகளும் ஒன்றாகத் தெரிந்தன.

வேலாத்தாள் வலது கையை விரித்துத் துணிமேல், ஊசிக்கு வலப்பக்கம் வைத்தாள். கத்தி இருக்கிற பக்கம். கால் பெடலுக்குப் போயிற்று.

மயிலாள் சுவரிலிருந்த மெஷின் சுவிட்சை அணைத்தாள்.

வேலாத்தாள் திரும்பினாள். அவள் முகத்தில் பயம் எதுவும் இல்லை. மெஷினுக்குக் கரண்டு போய்விட்டது என்று நினைத்திருப்பாள்.

எந்தக் கையை எங்கே வைத்தாய் என்று மயிலாள் கேட்டாள். வேலாத்தாள் காட்டினாள். ஏன் என்று கேட்டாள்.

"டிவில அந்த அக்கா அப்படித்தானுங்க வெச்சாங்க."

வேலாத்தாள் கையை நீட்டி டிவியைக் காட்டினாள். படம் நிறுத்திய இடத்தில் நடுங்கிக்கொண்டு நின்றது. அதில் மெஷினில் உட்கார்ந்திருந்த பெண் இவர்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். துணிமேல் விரிந்திருந்தது அவளுடைய இடது கை. டிவியில் அது வலப்பக்கம் தெரிந்தது. வேலாத்தாள் தன் வலப்பக்கத்துக் கையை வைத்திருந்தாள்.

தன் குரல் அந்த இடத்தில் என்ன சொல்கிறது என்று மயிலாள் யோசித்தாள். ஒரு கையைத் துணிமேல் விரித்து வையுங்கள், இன்னொரு கையால் ஓரத்தைப் பிடியுங்கள். எந்தக் கை என்று சொல்லவில்லை. படத்தில்தான் தெரிகிறதே என்று விட்டிருந்தாள்.

மெஷினை அணைத்தே வைத்து மற்றப் பெண்களை ஒவ்வொருவராக உட்காரச் சொன்னாள். எல்லோரும் வலது கையைக் கத்திப் பக்கம் வைத்தார்கள். மருதாள் மட்டும் சரியாக வைத்தாள். அவள் வேறொரு கம்பெனியில் முன்பு கைமடியாக இருந்தவள்.

கைமடிப் பெண் டெய்லருக்கு எதிரில் உட்காருவதில்லை. பக்கத்தில் உட்காருகிறாள். டெய்லரின் இடது கை அவளுக்கும் இடப்பக்கம்தான்.

மயிலாள் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தாள். பெண்களை டீ குடிக்கப் போகச் சொன்னாள். இன்னும் நேரம் ஆகவில்லையே என்று மருதாள் சொன்னாள். பரவாயில்லை, போங்கள் என்றாள்.

*

பெருமாள்சாமிக்கு போன் செய்தாள். அவருக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் கோபித்துக்கொண்டார். தாலி கட்டும்போது கேமராவை எங்கே வைப்பாரோ அங்கேதான் வைத்தாராம். ஆளுக்குப் பின்னால் போய் யாராவது படம் எடுப்பார்களா? முகம் தெரிய வேண்டாமா? எடுத்து முடித்ததும் போட்டுக் காட்டினாரே, நன்றாக இருக்கிறது என்று சொன்னது யார்?

சொன்னது மயிலாள்தான்.

ஆத்தப்பன் கட்டிங் மேஜையருகே நின்றிருந்தான். அவள் அழைத்ததும் வந்தான். படத்தைப் போட்டாள். அவன் நின்றபடியே பார்த்தான். சரியாகத்தானே இருக்கிறது என்றான். மெஷினில் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தான். அவன் கைகள் தாமாகவே சரியான இடத்துக்குப் போயின. இடது கை துணிமேல். வலது கை கத்தியைவிட்டு விலகி, மடிக்குப் பக்கத்தில் ஓரத்தைப் பிடித்தது.

"நீங்க டிவியப் பாக்கலீங்க. உங்க கைக்குத் தெரியும்."

வேலாத்தாளைக் கூப்பிட்டு அவன் எதிரில் செய்யச் சொன்னாள்.

ஆத்தப்பன் வேலாத்தாளின் கையைப் பார்த்தான். டிவியைப் பார்த்தான். அவளைப் போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான்.

"அப்ப நஞ்சம்மா..." என்றான். முடிக்கவில்லை.

ஆமாம் என்று மயிலாள் தலையாட்டினாள்.

பிறகு அவன் நிதானமாகப் பேசினான். ஆட்கள் கிளம்பியிருப்பார்கள். அவன் அய்யன் லிங்கசாமி ஒரு மாதமாகச் சொல்லிவைத்த காரியம். இன்றைக்குப் போகட்டும். அடுத்த வாரம் வேறு படம் எடுத்து, முன்னதைவிட நன்றாக வந்திருக்கிறது என்று மாற்றிக் கொடுத்துவிடலாம். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை.

அதற்குள் அந்தக் கம்பெனிகளில் எத்தனை பெண்கள் இதைப் பார்த்து உட்காருவார்கள் என்று மயிலாள் கேட்டாள்.

"எங்கய்யனைச் சபையில நிக்க வெச்சுப் போடாத, மயிலா. இதோட உனக்குக் கம்பெனியுமில்ல, ஒண்ணுமில்ல. சமையக்கட்டுதான்."

மிரட்டலாகச் சொல்லவில்லை. நடக்கப் போவதைச் சொன்னான். அவளுக்கும் அது தெரியும். இந்த அறைக்கு வருவதற்கு அவள் ஒரு வருடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாமாவிடம் முதலில் சொல்லிவிடுகிறேன் என்றாள். அதற்குள் வெளியே கார் சத்தம் கேட்டது. லிங்கசாமி தனியாக வரவில்லை. இன்னொரு கம்பெனி முதலாளியான நாச்சிமுத்துவைக் கூடவே அழைத்து வந்திருந்தார். அவர் பின்னால் இன்னும் இரண்டு கார்கள்.

*

மயிலாள் வாசலிலேயே மாமனாரிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றாள். அப்புறம் பேசலாம் கண்ணு என்று அவர் உள்ளே போய்விட்டார்.

வடையும் டீயும் வந்தன. முதலாளிகள் எல்லோரும் அடிமட்டத்திலிருந்து உயர்ந்து வந்தவர்கள். பலர் ஒரு காலத்தில் தாங்களே மெஷினில் உட்கார்ந்தவர்கள். படம் ஓடும்போது தலையாட்டினார்கள். கத்தி அவ்வளவு கிட்டத்தில் தெரிவதை ஒருவர் பாராட்டினார். லிங்கசாமி படத்தைப் பார்க்கவில்லை. பார்ப்பவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ற மக கல்யாணத்துக்கும் இதே பெருமாள்சாமிதானுங்க எடுத்தான்," என்றார் நாச்சிமுத்து. "சம்பந்தி மூஞ்சி கூட இத்தனை தெளிவா உளுவல."

எல்லோரும் சிரித்தார்கள். படம் முடிந்தது. லிங்கசாமி மகனுக்குக் கையைக் காட்டினார். ஆத்தப்பன் கேசட்டுகளை எடுத்தான். மயிலாள் பக்கம் பார்க்காமல் முதல் வரிசைக்கு வந்தான்.

"மாமா, கேசட்டைக் குடுக்க வேண்டாமுங்க."

மயிலாளின் குரல் உயரவில்லை. ஆனால் அந்த அறையில் பேசிய பெண் அவள் ஒருத்திதான். எல்லோரும் திரும்பினார்கள்.

லிங்கசாமி ஏன் கண்ணு என்றார். முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது.

"நான் தப்பா எடுத்துட்டனுங்க மாமா."

இத்தனை பேரும் பார்த்தார்கள், யாருக்கும் தப்பாகத் தெரியவில்லையே என்றார் அவர். சிரிப்பு போய்விட்டது.

"இவங்கெல்லாம் தொழில் தெரிஞ்சவங்க. பழகாத புள்ள பாத்தாத்தான் தெரியும்."

அவள் அனுமதி கேட்கவில்லை. கதவைத் திறந்து வேலாத்தாளையும் மருதாளையும் கூப்பிட்டாள். மெஷினின் பிளக்கைக் கழற்றி எல்லோருக்கும் தெரியும்படி தரையில் போட்டாள். படத்தைப் பின்னுக்கு ஓட்டி, ஓவர்லாக் பகுதியைப் போட்டாள்.

வேலாத்தாள் படத்தைப் பார்த்து உட்கார்ந்தாள். இத்தனை பெரிய மனிதர்களை ஒன்றாக அவள் பார்த்ததில்லை. காலையில் செய்ததுபோல் செய்யக்கூடாதோ என்று தயங்கியிருக்கலாம். தயங்கவில்லை. வலது கை விரிந்து கத்திக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

முன்வரிசையில் ஒருவர் அடடா என்று எழுந்தார். பிளக் தரையில் கிடப்பதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"ஒரு புள்ள கை மாத்தி வெச்சா படம் தப்பாயிருமா?" என்றார் நாச்சிமுத்து. "புள்ள தப்பு."

மயிலாள் டிவிப் பக்கம் போனாள். டிவியை அணைத்தாள். மருதாளை மெஷினில் உட்காரச் சொன்னாள். வேலாத்தாளை அவள் பக்கத்தில், கைமடி உட்காரும் இடத்தில் உட்காரவைத்தாள். மருதாள் துணியை வைத்துக் காட்டினாள். ஒரே தடவை. யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிறகு இருவரும் இடம் மாறினார்கள்.

வேலாத்தாளின் இடது கை துணிமேல் விரிந்தது. வலது கை தள்ளி வந்து ஓரத்தைப் பிடித்தது.



கேமரா எதிர்ப்பக்கம் இருந்துவிட்டது, இந்தப் பக்கம் இருந்திருக்க வேண்டும் என்று மயிலாள் சொன்னாள். வேலாத்தாள் கைமடியாக உட்கார்ந்திருந்த முக்காலியைக் காட்டினாள். குரலிலும் எந்தக் கை என்று சொல்லியிருக்க வேண்டும் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

லிங்கசாமி எழுந்தார். மகன் கையிலிருந்த கேசட்டுகளை வாங்கி மறுபடி மேஜைமேல் வைத்தார். கேசட் பின்னால் வந்து சேரும், டீ குடித்துவிட்டுப் போங்கள் என்று வந்தவர்களிடம் சொன்னார். யாரும் டீ குடிக்கவில்லை. நாச்சிமுத்து போகும்போது வாசலில் நின்று, படித்த மருமகள் என்றால் இரண்டு தரம் சரி பார்க்கத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னது லிங்கசாமிக்குக் கேட்கும்படிதான்.

*

நாற்காலிகள் காலியாகிவிட்டன. மூன்று பேர் மட்டும் இருந்தார்கள்.

மயிலாள் சமையலறையை நினைத்துக்கொண்டு நின்றாள். லிங்கசாமி அவள் பக்கம் திரும்பினார்.

"அந்தச் சேவூர்ப் புள்ளையும் இதையப் பாத்துத்தான பழகுச்சு?"

"ஆமாங்க மாமா."

அவர் மகனைப் பார்த்தார். ஆத்தப்பன் கீழே கிடந்த பிளக்கை எடுத்துச் சுற்றிக்கொண்டிருந்தான்.

லிங்கசாமி சொன்னது இரண்டு விஷயம். படத்தை மறுபடி எடுக்க வேண்டும், மயிலாள்தான் எடுக்க வேண்டும். இது ஒன்று. நஞ்சம்மாளைத் திரும்ப வேலைக்கு அழைத்துக்கொள்ள வேண்டும், இன்றைக்கே போய்ச் சொல்ல வேண்டும். இது இன்னொன்று.



"ஆனா படத்தப் பத்தி அங்க வாயத் தொறக்காதீங்க," என்றார் அவர். "வேலைக்கு வான்னு சொல்லுங்க. போதும். நாளைக்கு ஒவ்வொருத்தியும் கையக் காட்டிட்டு வந்து நிப்பா."

ஆத்தப்பன் சரிங்க என்றான். மயிலாள் எதுவும் சொல்லவில்லை. அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

*

சேவூர் போய்ச் சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. வழியில் ஆத்தப்பன் ஒரே ஒரு தடவை பேசினான். அய்யன் சொன்னதை ஞாபகம் வைத்துக்கொள் என்றான்.

நஞ்சம்மாளின் அப்பன் கன்னையன் மஞ்சள் காட்டில் கூலி வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தான். மோட்டார் சைக்கிளைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்தான். கட்டிலை வெளியே இழுத்துப் போட்டான். ஆத்தப்பன் உட்காரவில்லை. மயிலாள் உட்கார்ந்தாள்.

நஞ்சம்மாள் நிலைப்படியில் வந்து நின்றாள். வலது கையைத் தாவணிக்குள் மறைத்திருந்தாள்.

ஆத்தப்பன் சொல்ல வந்ததைச் சொன்னான். திங்கட்கிழமையிலிருந்து வரலாம். கை ஆறும்வரை, தைத்ததைச் சரிபார்க்கிற செக்கிங் வேலை. சம்பளம் முன்பு போலவே.

கன்னையன் மகளைப் பார்த்தான். சாமி மனசு வெச்சு வந்திருக்காங்க, சரின்னு சொல்லு என்றான். இப்படிப்பட்ட புள்ளையை யார் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்று ஆத்தப்பனிடம் சொன்னான். வந்த நாளிலிருந்து வீட்டில் அவளைத் திட்டாத ஆள் இல்லை என்றான். இருந்த ஒரு நல்ல வேலையையும் கவனமில்லாமல் கெடுத்துக்கொண்டு வந்தாள் என்று அவளுடைய அம்மா இன்னும் அவளோடு பேசுவதில்லையாம்.

நஞ்சம்மாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள். கம்பெனியில் வரிசையின் முன்னால் எப்படி நின்றாளோ அப்படி.

ஆத்தப்பன் போகலாமா என்பதுபோல் மயிலாளைப் பார்த்தான்.

மயிலாள் கட்டிலிலிருந்து எழுந்தாள்.

"நஞ்சம்மா, உன்ற மேல தப்பு இல்ல. படத்துல கை மாறித் தெரிஞ்சுது. நீ அதுல இருந்தபடியேதான் வெச்ச. தப்பா எடுத்தது நான்."

ஆத்தப்பன் மயிலா என்றான். அவள் திரும்பவில்லை.

கன்னையனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் மகள் பக்கம் பார்க்க முடியாமல் துண்டை உதறினான். மறுபடி மடித்தான்.

நஞ்சம்மாள் அழுவாள் என்று மயிலாள் நினைத்தாள். அழவில்லை. கையைத் தாவணியிலிருந்து வெளியே எடுத்தாள். அதைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். படத்தில் பார்த்ததை நினைவுபடுத்திப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டாள்.

பிறகு அவள் நிமிர்ந்தாள். பேசியது மயிலாளிடம் இல்லை. ஆத்தப்பனிடம்.

"கவனமில்லாத கைன்னு கம்பெனில எல்லாத்து முன்னாலயும் சொன்னீங்க. இதைய ஆரு முன்னால சொல்லப் போறீங்க?"

மரியாதையாகத்தான் கேட்டாள். கன்னையன் அவளை உள்ளே போகச் சொன்னான். ஆத்தப்பன் வண்டிச் சாவியை எடுத்தான்.

நஞ்சம்மாள் உள்ளே போகவில்லை.